ஓர்ந்து நடத்தல்: காடும் கண்ணும் சொல்லும்



இப்பொதுச் சொற்பொழிவு வரிசையில் இலக்கணம் பற்றியும் அகராதிக்கலை பற்றியும் கலைச்சொல்லாக்கம் பற்றியும் அறிஞர் பலர் உரையாற்றியுள்ளனர். மொழியியல் பயின்ற ஒருவரிடம் அத்தகைய பொருளையே அவையினர் எதிர்பார்ப்பர். நாம் எடுத்துக்கொண்டதோ காட்டில் நடத்தல். தலைப்பை எழுதி அனுப்பியபோது, மன்றத்தார் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, இது மொழி உரையா, உடல்நல உரையா?" என்று பணிவோடு வினவினார். இரண்டும்தான் என்று விடையிறுத்தோம். அவ்விடை எவ்வாறு பொருந்தும் என்பதை விளக்குவதே இன்றைய நோக்கம்.

சிவப்பு மையில் ஒரு திருத்தம்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். அப்போது நாம் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தோம். 'என் வீட்டருகே ஒரு மரம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு மாணவர்களைப் பணித்தோம். மாணவி ஒருவர் தம் வீட்டு வாயிலில் நிற்கும் 'கெத்தாப்பாங்' மரத்தைப் பற்றி எழுதியிருந்தார். அதன் கிளைகள் அடுக்கடுக்காய்த் தட்டுப்போல் விரிந்திருக்கும். உதிர்வதற்கு முன் அதன் இலைகள் செந்நிறம் கொள்ளும். அவற்றை அம்மா நாளுக்கு இருமுறை பெருக்குவார். வௌவால் கடித்துப் போட்ட காய்கள் இரவில் தகரக்கூரையில் விழுந்து உறக்கத்தைக் கெடுக்கும். இவ்வளவும் அக்கட்டுரையில் இருந்தன.

நாம் 'கெத்தாப்பாங்' என்னும் சொல்லைச் சிவப்பு மையால் அடித்தோம். மேலே 'ஆலமரம்' என்று எழுதினோம். ஓரத்தில் 'தமிழ்ச் சொல்லை ஆள்க' என்று அறிவுரையும் வழங்கினோம்.

அம்மாணவி கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொடுத்தார். புதிய கட்டுரையில் விழுதுகள் தொங்கின, வழிப்போக்கர் இளைப்பாறினர், பறவைகள் கூடு கட்டின. வௌவால் போயிற்று. தகரக்கூரை போயிற்று. விளக்குமாற்றோடு நின்ற அம்மாவும் போய்விட்டார். அதற்கு நாம் கூடுதல் மதிப்பெண் அளித்தோம்.

அவர் வீட்டு வாயிலில் நின்ற மரத்துக்கு 'நாட்டுவாதுமை' என்னும் பெயர் தமிழில் உண்டு. அது அன்று நமக்குத் தெரியாது. தெரியாமை பெரும்பிழை அன்று, தேடாமைதான் பிழை. அதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்களை அன்று நாம் தடையின்றி ஒப்பிப்போம். ஆயினும் கல்லூரி வாயிலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நின்ற மரங்களுள் ஒன்றன் பெயரும் நமக்குத் தெரியாது. அவற்றை நாம் நின்று பார்த்ததும் இல்லை.

கெப்போங்கில் ஒரு காலை

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதாகச் சொல்லி நாள்தோறும் நடக்குமாறு மருத்துவர் பணித்தார். வீட்டுக்கு அண்மையில் இருந்தமையால், கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்தின் காட்டுக்குச் செல்லத் தொடங்கினோம்.

அக்காட்டின் வரலாறு ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. இன்று அங்கே வானளாவ நிற்பவற்றுட் பெரும்பகுதி இயற்கையாய் வளர்ந்த காடு அன்று. ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலமும் காய்கறித் தோட்டங்களுமாய்க் கிடந்த இடத்தில், 1920-களின் பிற்பகுதி தொடங்கி, மனிதர் ஒவ்வொரு கன்றாக நட்டு வளர்த்த காடு அது. 1929-இல் ஆராய்ச்சி நிலையம் அங்கே முறையாக நிறுவப்பெற்றது. பாழ்நிலத்தில் மழைக்காட்டை மீட்டுருவாக்கிய அம்முயற்சி 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆனால், முதற்சில மாதங்கள் இவற்றுள் எதுவும் நம் கண்ணிற் படவில்லை. கைப்பேசி காட்டும் அடி எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். உள்ளமோ, பழைய குழுக்கூட்டங்களில் சொல்லாமல் விட்ட மறுமொழிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தது. உடல் காட்டில் நடந்தது. உள்ளம் கூட்ட அறையை விட்டு எழவே இல்லை.

ஒருநாள் காலை திடீரென மழை பிடித்துக்கொண்டது. உயர்ந்த மரமொன்றன் அடியில் ஒதுங்கினோம். பொழுது போகாமல், கீழே கிடந்த ஈர இலை ஒன்றை எடுத்து விரல்களால் கசக்கினோம். எழுந்த மணம் நம்மைத் திடுக்கிட வைத்தது. அது கோயில் மணம். தோட்டத்து மாரியம்மன் சந்நிதியில், பூசாரி நீட்டிய தட்டிலிருந்து வீசிய அதே மணம். நிமிர்ந்து மரத்தில் பொருத்தியிருந்த சிறு பலகையைப் பார்த்தோம். 'காப்பூர்' என்று மலாயில் எழுதியிருந்தது. அது கற்பூர மரம்.

அன்று மழை விடும்வரை அங்கேயே நின்றோம். கூட்ட அறை மறந்துபோயிற்று.

ஓர்தல்

காட்டில் மெல்ல நடந்து ஐம்புலனாலும் அதனை உணர்வதை ஜப்பானியர் 'ஷின்ரின் யோக்கு' என்பர். 'காட்டுக் குளியல்' என்று அதனைத் தமிழாக்கலாம். 1982-இல் ஜப்பானிய வனத்துறை பரப்பிய தொடர் அது. இன்று உலகெங்கும் வழங்குகிறது. இவ்வாறு முழுக்கவனத்தோடு இருத்தலைத் தமிழில் எவ்வாறு குறிப்பது என்று பலர் கேட்பதுண்டு.

பழந்தமிழில் 'ஓர்தல்' என்னும் வினை உண்டு. கூர்ந்து நோக்குதல், ஆராய்தல், உற்றுக் கேட்டல் ஆகிய பொருள்களை அது தாங்கும். 'ஓர்மை' என்னும் பெயர்ச்சொல்லோ ஒருமைப்பாட்டையும் குறிக்கும், நினைவையும் குறிக்கும். வடிவம் ஒத்திருப்பதால் 'ஓர்தல்' என்னும் வினையும் 'ஒன்று' என்னும் எண்ணும் ஒரே வேரிற் பிறந்தவை என்று சொல்லிவிடக் கூடாது; மொழியியல் அதற்கு இடந்தராது. ஆயினும், கவனித்தலும் ஒன்றுதலும் ஒரே ஒலிவடிவில் நம் மொழியில் அருகருகே நிற்பதை நினைவிற் கொள்வதில் தவறில்லை.

சொற்களையெல்லாம் விட்டுவிட்டு வெறுமனே பாருங்கள் என்று கற்பிப்போர் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மை இருக்கிறது. 'ஆலமரம்' என்னும் சொல் நம் கண்ணை மறைத்ததை முன்னரே சொன்னோம். ஆனால், கெப்போங்கில் நாம் பெற்ற பட்டறிவு வேறு வகையானது. கண்ணுக்கு முன்னே வரும் சொல் மறைக்கிறது. கண்ணுக்குப் பின்னே வரும் சொல் துலக்குகிறது. முதலில் பார்த்தல், பிறகு சொல் தேடல், தேடிய சொல்லோடு மீண்டும் சென்று பார்த்தல் என்னும் இம்மூன்று படிகளே நம் நடைப்பயிற்சியாயின. சில சான்றுகளைக் காண்போம்.

நின்று பார்த்தவர்கள் விட்டுச்சென்ற பெயர்கள்

தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குச் சென்றோர், சாலையைக் கடந்து நீரைத் தொடுமளவு கிளை நீட்டி நிற்கும் பெருமரங்களைக் கண்டிருப்பர். அம்மரத்தின் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். அது இங்கு வந்து சேர்ந்தபின், ஒவ்வொரு மக்களும் அதற்குப் பெயரிட்டனர். மாலையில் அதன் சிற்றிலைகள் இணையிணையாய் மடிந்துகொள்ளும். அதனைக் கண்ட தமிழர் 'தூங்குமூஞ்சி மரம்' என்றனர். மலாய்க்காரர் 'புக்குல் லீமா' என்றனர். 'ஐந்து மணி' என்பது அதன் பொருள். ஒரே அசைவைக் கண்டு ஒருவர் உறங்கும் முகத்தை நினைத்தார், மற்றவர் கடிகாரத்தை நினைத்தார். ஆங்கிலேயரோ அதனை மழையோடு சேர்த்து 'மழைமரம்' என்றனர்.

தொட்டால் மடியும் சிறுசெடியையும் எண்ணிப் பாருங்கள். தமிழர் அதனைத் 'தொட்டாற்சிணுங்கி' என்றனர். தொட்டவுடன் சிணுங்கும் குழந்தையை அதில் கண்டனர். மலாயில் அது 'செமாலு'. 'மாலு' என்றால் நாணம். ஆங்கிலத்தில் அது 'என்னைத் தொடாதே' என்று கட்டளையிடுகிறது. மூன்று பெயர்களுக்குப் பின்னாலும், தரையில் குந்தி, விரல் நீட்டி, இலை மடிவதையும் மீண்டும் விரிவதையும் காத்திருந்து பார்த்த மனிதர் ஒருவர் இருக்கிறார்.

மலாக்கா நகரின் பெயர்க்கதையை நம் மாணவர் வரலாற்றுப் பாடத்தில் படிக்கின்றனர். மரமொன்றன் அடியில் இளைப்பாறிய பரமேசுவரர், சருகுமான் ஒன்று வேட்டைநாயை உதைத்து வீழ்த்தியதைக் கண்டு வியந்து, அம்மரத்தின் பெயரையே ஊருக்கு இட்டார் என்பது மரபுக்கதை. அதே மாணவர், அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த கதையைத் தமிழ்ப் பாடத்தில் படிக்கின்றனர். மலாக்கா மரம் நெல்லியினத்தது. 'ஆமலகம்' என்பது நெல்லிக்கு வடமொழிப் பெயர். இரு பாடங்களும் ஒரு மரத்தடியில் சந்திக்கின்றன என்பதை நாம் எத்தனை வகுப்புகளில் சொல்லியிருக்கிறோம்?

நடையை நிறுத்தும் சொற்கள்

தொல்காப்பிய மரபியல் ஒரு வகைப்பாட்டைத் தருகிறது. வயிரம் புறத்தே உடையவை புல். அகத்தே உடையவை மரம். இதன்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினம். தேர்வுக்காக இதனை மனப்பாடம் செய்தவர்கள் நம்முள் பலர். கெப்போங்கில், அறுத்துக் கிடந்த மரத்துண்டு ஒன்றன் நடுவில் விரல் வைத்து இறுகிய வயிரத்தைத் தொட்ட பிறகுதான், அந்நூற்பாவை எழுதியவரும் இப்படியொரு துண்டைத் தொட்டிருப்பார் என்று தோன்றியது. நம் நாட்டின் பால்மரம் அகக்காழ் உடையது. செம்பனை புறக்காழ் உடையது. இன்றைய தாவரவியலும் பனையினத்தையும் புல்லினத்தையும் ஒருவித்திலைத் தாவரங்களுள்ளேயே வைக்கிறது. பள்ளிப் பேருந்தின் சன்னல் வழியே காணும் தோட்டங்களே இந்நூற்பாவுக்குப் போதிய எடுத்துக்காட்டு.

இலையைக் குறிக்கக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று பருவந்தோறும் சொல் உண்டு. பூவுக்கு அரும்பு, முகை, போது, மலர், வீ, செம்மல் என்று உண்டு. இளங்காயிலும் மாவுக்கு வடு, வாழைக்குக் கச்சல், தென்னைக்குக் குரும்பை என்று வேறுபாடு உண்டு. பாவாணர் முதலியோர் இவற்றைத் தமிழின் சொல்வளத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டினர். நாமும் பல்லாண்டுகள் பெருமையோடு இப்பட்டியலைக் கரும்பலகையில் எழுதினோம். ஆனால், அப்பட்டியல் பெருமைக்கு மட்டும் உரியதன்று. அது வேலை வாங்கும் பட்டியல். கண்முன் இருப்பது முகையா, போதா என்று சொல்ல வேண்டுமாயின், குனிந்து அதன் இதழ்கள் கட்டவிழ்ந்துள்ளனவா என்று பார்த்தாக வேண்டும். உதிர்ந்து கிடப்பது வீயா, வாடிய செம்மலா என்று அறிய, தரையிலிருந்து கையில் எடுத்தாக வேண்டும். இச்சொற்களுள் ஒவ்வொன்றும் நடப்பவரின் காலைச் சற்றே நிறுத்துகிறது. அவ்வாறு நிற்கும் கணத்தில் உள்ளமும் நிற்கிறது. மருத்துவர் சொன்ன அடிக்கணக்கு குறைந்ததென்னவோ உண்மைதான். அதற்காக மாலையிலும் நடந்தோம்.

கற்பூரம்

மழையில் ஒதுங்கிய மரத்துக்கு மீள்வோம். அது குங்கிலியத்துக்கு உறவான மரம். ஐந்து இறகுகள் கொண்ட அதன் காய் சுழன்று சுழன்று தரையிறங்கும். முதிர்ந்த மரத்தின் உள்வெடிப்புகளில் வெண்பளிங்கு போலக் கற்பூரம் உறைந்திருக்கும். பண்டு உயர்வாக மதிக்கப்பட்ட பச்சைக்கற்பூரம் இவ்வினத்து மரங்களினின்றே கிடைத்தது. சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் துறை அவ்வணிகத்தில் பெயர் பெற்றிருந்தமையால், மலாயில் அது இன்றும் 'காப்பூர் பாருஸ்' எனப்படுகிறது.

பாருசுக்கு அருகே லோபு துவா என்னுமிடத்தில், 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினர் பொறித்தது அது. அவ்வூரை அக்கல்வெட்டு 'வாரோசு' என்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை அடுக்கிச் செல்லுமிடத்தும் 'வாரோசு' என்று ஒன்று உண்டு. முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் அப்பட்டியலை நாம் பலமுறை படித்தோம். அப்பெயர்க்குரிய மரவினம் நம் வீட்டிலிருந்து சில கல் தொலைவில் நிற்கிறது என்பதை அறுபது வயதில், மழைக்கு ஒதுங்கியபோதுதான் அறிந்தோம். இம்மண்ணின் காட்டில் நாம் அயலார் என்னும் எண்ணம் அன்று சற்றுத் தளர்ந்தது.

பின்னொரு நாள் ஒன்பது வயதுப் பேத்தியை அங்கே அழைத்துச் சென்றோம். காப்பூர் மரங்களின் உச்சியில் ஒரு விந்தை உண்டு. ஒரு மரத்தின் தழைமுடி அடுத்ததன் முடியைத் தொடாது; இடையே ஒளிவாய்க்கால் போல ஓர் இடைவெளி ஓடும். காற்றில் கிளைநுனிகள் உரசித் தேய்வதே காரணம் என்பர் சிலர். அயல்மரத்தின் நிழலை உணர்ந்து நுனி வளர்ச்சியை நிறுத்துகிறது என்பர் வேறு சிலர். ஆங்கிலத்தில் இதனைக் கூச்சம் என்னும் பொருள்படக் குறிப்பதால், 'முடிநாணம்' என்று சொல்லிக் கொடுக்க எண்ணியிருந்தோம்.

பேத்தி நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாள். "மரத்துக்கு வெட்கம், அதனால்தான் தொடவில்லை" என்றோம். "வெட்கமா? இல்ல தாத்தா. பக்கத்து மரத்துக்கு இடம் விட்டு நிக்குது" என்றாள்.

நாம் ஆயத்தமாய்க் கொண்டுசென்ற கலைச்சொல் மொழிபெயர்ப்பிற் பிறந்தது. அவள் சொன்னது பார்வையிற் பிறந்தது. குறிப்பேட்டில் 'இடம் விட்டு நிற்றல்' என்று எழுதிக்கொண்டோம். இம்முறை எதையும் அடிக்கவில்லை.

தந்தையாரின் சொற்கள்

நம் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் 'நெரை'க்குள் சென்று, பட்டையைத் தொட்டு ஈரம் பார்ப்பார். பட்டை நனைந்திருந்தால் பால் மங்குக்கு வந்து சேராது, வழிந்தோடிவிடும். தோட்டத்து எல்லைக்கு அப்பாலுள்ள பெருமரக் காட்டைத் 'தீம்பார்' என்பார். ஒருமுறை அழித்தபின் மீண்டும் முளைத்த புதர்க்காட்டைப் 'பெலுக்கார்' என்பார். இரண்டையும் ஒருபோதும் மாற்றிச் சொல்லமாட்டார்.

ஆய்வு மாணவராய் விடுமுறைக்கு வந்த நாம், அவர் சொற்களைத் தொகுத்தோம். 'தீம்பார்' என்பதை ஆங்கிலக் கடன்சொல் என்றும் 'பெலுக்கார்' என்பதை மலாய்க் கடன்சொல் என்றும் அட்டவணையிட்டோம். 'நெரை' என்பது சங்க நூல்களில் வழங்கும் 'நிரை'யே என்று கண்டு மகிழ்ந்தோம். அட்டவணை பிழையற்றது, தேர்வாளர் பாராட்டினர். ஆயினும், "அப்பா, பெலுக்கார் எங்கே முடிந்து தீம்பார் எங்கே தொடங்குகிறது, அழைத்துப் போய்க் காட்டுங்கள்" என்று நாம் ஒருநாளும் கேட்கவில்லை. காடு, கான், வனம், அடவி என்று ஒருபொருட் பன்மொழி அடுக்கத் தெரிந்த நமக்கு, அவர் அறிந்த அவ்வேறுபாடு தெரியவில்லை. இன்று கெப்போங்கில் நடக்கும்போது கேட்க நினைக்கிறோம். விடை சொல்ல அவர் இல்லை.

ஆசிரியர்க்குச் சில சொற்கள்

இதுவரை கூறியவற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வது எளிது. பெருங்காடு வேண்டுவதில்லை, பள்ளித் திடலின் ஓரத்து ஒரு மரம் போதும். ஒவ்வொரு மாணவரும் ஒரு மரத்தைத் தெரிந்தெடுத்து, தவணை முழுவதும் வாரம் ஒருமுறை அதன் முன் பத்து நிமிடம் நிற்கட்டும். கைப்பேசி பையில் இருக்கட்டும். முதல் வாரம் பெயர் சொல்ல வேண்டா. கண்டதையும் கேட்டதையும் தொட்டதையும் மட்டும் எழுதட்டும். அடுத்த வாரம் பெயர் தேடட்டும். வீட்டில் பாட்டியிடமும் பள்ளித் தோட்டக்காரரிடமும் மலாய், சீன நண்பர்களிடமும் கேட்கட்டும். தமிழ்ப் பெயர் கிடைத்தால் மகிழ்வோம். கிடைக்காவிடின், இம்மண்ணின் பெயரைத் தமிழெழுத்தில் எழுதட்டும். 'மாம்பழம்' மலாயில் 'மெம்பெலாம்' ஆகி வாழ்கிறது. 'கெத்தாப்பாங்' தமிழில் வாழ்ந்தால் தமிழ் குறைந்துபோகாது.

மாணவர் பார்த்த ஒன்றைப் பாராத ஒன்றாக மாற்றும் திருத்தத்தை மட்டும் செய்யாதீர்கள். அதனைச் செய்தவர்தாம் இதனைச் சொல்கிறோம்.

நாமும் நாங்களும்

நிறைவாக ஒன்று. இவ்வுரை முழுவதும் 'நாம்' என்றே பேசி வந்தோம். அது மேடை வழக்குத்தான். ஆயினும், கேட்பவரையும் உள்ளடக்கும் 'நாம்', கேட்பவரை விலக்கும் 'நாங்கள்' என்னும் வேறுபாடு தமிழில் உண்டு. மலாயிலும் அவ்வாறே 'கீத்தா' உள்ளடக்கும், 'காமி' விலக்கும். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. அருகருகே வாழும் இவ்விரு மொழிகளும், பேசும்போதெல்லாம் யாரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. காட்டில் நெடுநேரம் நின்று திரும்பும் நாள்களில், அந்த 'நாம்' சற்று அகன்றிருப்பதை உணர்கிறோம். அதில் கல்வெட்டு வணிகரும் தந்தையாரும் பேத்தியும், இடம் விட்டு நிற்கும் மரங்களும் அடங்குகின்றனர்.

கெத்தாப்பாங் மரத்தைப் பற்றி எழுதிய அம்மாணவி இன்று நடுவயதை எட்டியிருப்பார். ஒருவேளை ஆசிரியராகவும் இருக்கக்கூடும். இந்நூல் அவர் கைக்கு எட்டுமாயின், அவரிடம் ஒன்று தெரிவிக்க விரும்புகிறோம்: மதிப்பெண் உரியது உங்கள் முதற்கட்டுரைக்கே. அந்த அம்மாவையும் விளக்குமாற்றையும் மீண்டும் எழுதுங்கள்.